மட்டில்டாவின் பத்திரமும் ஸ்டீஃபனின் பட்டாவும்

கேள்வி இது: இங்கிலாந்து மன்னன் முதலாம் ஹென்றி, தனக்குப் பிறகு மகள் மட்டில்டாதான் என்று பிரபுக்களிடம் சத்தியமே வாங்கியிருந்தான். 1135இல் அவன் கண்ணை மூடியதும் ஸ்டீஃபன் எப்படி அரசனானான்? மட்டில்டாவின் உரிமை செல்லாததா, பெண் என்பதால் தட்டிப் பறிக்கப்பட்டதா?

நில விவகாரம் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும்படி சொன்னால், அவளிடம் இருந்தது பதிவு செய்யாத பத்திரம். ஸ்டீஃபன் 22 நாளில் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். ஆனால் அந்தப் பத்திரத்தை வைத்தே அவள் 18 வருடம் வில்லங்கத்தைத் தீரவிடாமல் வைத்திருந்து, சொத்து ஸ்டீஃபனின் பிள்ளைகளுக்குப் போகாமல் செய்துவிட்டாள். பெண் என்பது அவளுக்கு எதிராகப் பேசப்பட்டது உண்மை. ஆனால் எந்தக் கட்டத்தில் எது உடைந்தது என்று பார்த்தால், அதைவிடச் சாதாரணமான காரணங்கள் முன்னே வந்து நிற்கும்.

முதலில் உறவுமுறை. இந்த வழக்கில் மட்டில்டாக்கள் அதிகம், கவனிக்காவிட்டால் குழம்பிவிடும். ஹென்றியின் மனைவி பெயர் மட்டில்டா, ஸ்காட்லாந்து இளவரசி. மகள் பெயரும் மட்டில்டா. ஸ்டீஃபனின் மனைவியும் மட்டில்டா, பூலோன் நாட்டுக்கு வாரிசு. ஸ்டீஃபன் நம் மட்டில்டாவுக்கு அத்தை மகன். நம் ஊர்க் கணக்கில் முறைமாப்பிள்ளை. அவன் மனைவியோ இவளுக்குச் சித்தி மகள். ஸ்காட்லாந்து அரசன் டேவிட் இந்த இரண்டு மட்டில்டாக்களுக்கும் தாய்மாமன். இது வெளியாள் வந்து பிடுங்கிய ராஜ்ஜியம் இல்லை, சுத்தமான பங்காளிச் சண்டை.

மட்டில்டா 1102இல் பிறந்தவள். எட்டு வயதில் 10,000 மார்க் வெள்ளி சீதனத்தோடு ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டாள். 1114இல் பேரரசன் ஐந்தாம் ஹென்றியோடு கல்யாணம். ‘பேரரசி’ பட்டம் அங்கே வந்ததுதான், கடைசிவரை அதை விடவில்லை. (ரோமில் 1117இல் அவளுக்கு முடிசூட்டியவர் போப் இல்லை, பிராகா பேராயர். ஆகவே அந்தப் பட்டத்தையும் கிளறினால் ஒரு வழக்கு கிடைக்கும்.) 1120 நவம்பர் 25 இரவு, கடலுக்கு அப்பால் ஹென்றி ஆண்ட நார்மண்டியின் பார்ஃப்ளர் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய ‘வெள்ளைக் கப்பல்’ பாறையில் மோதி மூழ்கியது. ஹென்றியின் ஒரே முறையான மகன் வில்லியம் அதில் போனான். ஏறிவிட்டு, வயிறு சரியில்லை என்று இறங்கிக்கொண்டவர்களில் ஸ்டீஃபனும் ஒருவன். ஹென்றிக்கு மணத்துக்கு வெளியே 20க்கு மேல் பிள்ளைகள், ஆனால் முறையான வாரிசு என்று மிஞ்சியது மகள் மட்டுமே. 1125இல் அவள் விதவையாகி, குழந்தை இல்லாமல் திரும்பி வந்தாள்.

1127 ஜனவரி 1இல் பிரபுக்களும் ஆயர்களும் சத்தியம் செய்தார்கள்: மன்னனுக்கு ஆண் வாரிசு பிறக்காவிட்டால் மட்டில்டாவை ஏற்போம் என்று. ஸ்காட்லாந்து டேவிட் முதலில் செய்தான். அடுத்து யார் என்பதில் ஸ்டீஃபனுக்கும், ஹென்றியின் மணத்துக்கு வெளியே பிறந்த மகன் கிளாஸ்டர் ராபர்ட்டுக்கும் போட்டி. மன்னனின் சகோதரி மகன் என்ற முறையில் ஸ்டீஃபனே முந்திக்கொண்டான். எட்டு வருடம் கழித்து அந்தச் சத்தியத்தை உடைப்பதிலும் அவனே முந்தினான்.

இந்தச் சத்தியத்தில் ஆரம்பத்திலேயே மூன்று ஓட்டைகள் இருந்தன. ஒன்று, திருமணம். மன்னன் எங்களைக் கலந்துகொள்ளாமல் மகளை நாட்டுக்கு வெளியே கட்டிக்கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் சத்தியம் செய்தேன் என்று சாலிஸ்பரி ஆயர் ரோஜர் பின்னால் சொல்லிவந்தார். ஹென்றி என்ன செய்தான்? 1128 ஜூன் 17 அன்று லெ மான் நகரில் அவளை ஆஞ்சூ நாட்டு ஜெஃப்ரிக்குக் கட்டிவைத்தான். அவளுக்கு 26 வயது, மாப்பிள்ளைக்கு 15 நிரம்பவில்லை. வயதைவிடப் பெரிய சிக்கல், நார்மன் பிரபுக்களுக்கு ஆஞ்சூக்காரர்கள் பரம்பரை எதிரிகள். தென் எல்லையில் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டவர்கள். 1131 செப்டம்பரில் நார்தாம்ப்டனில் சத்தியம் புதுப்பிக்கப்பட்டது, அதனால் ரோஜரின் சாக்கு சட்டப்படி நிற்காது. ஆனால் வெறுப்பு வெறுப்பாகவே இருந்தது.

இரண்டாவது, கோட்டைகள். சீதனமாகப் பேசிய எல்லைக் கோட்டைகளை ஹென்றி தன் உயிர் இருக்கும்வரை கைமாற்றவில்லை. 1135இல் ஜெஃப்ரி கேட்டான், மாமனார் மறுத்தார், எல்லையில் சண்டையே மூண்டது. மட்டில்டா கணவன் பக்கம் நின்றாள். விளைவு, தகப்பன் சாகும்போது மகள் அவனோடு பகையில் இருந்தாள். ஹென்றி 1135 டிசம்பர் 1 அன்று லியோன்ஸ்-லா-ஃபோரேயில் இறந்தபோது கட்டிலருகே ராபர்ட் இருந்தார், அவள் இல்லை.

மூன்றாவதுதான் என் கணக்கில் பெரியது. ஹென்றி அவளுக்குத் தன் உயிர்க்காலத்திலேயே முடிசூட்டவில்லை. பக்கத்தில் பிரான்சு அரசர்கள் இதைக் கச்சிதமாகச் செய்துவந்தார்கள். ஆறாம் லூயி 1129இல் மூத்த மகனுக்கு முடிசூட்டினான், அவன் குதிரையிலிருந்து விழுந்து செத்ததும் 1131இலேயே அடுத்தவனுக்குச் சூட்டிவிட்டான். ஹென்றி வாயால் சத்தியம் வாங்கினான், முடிசூட்டும்போது பூசும் அபிஷேக எண்ணெயால் முத்திரையிடவில்லை. இங்கிலாந்தில் மகளுக்கென்று கோட்டையோ ஆள்பலமோ பதவியோ கொடுத்தும் வைக்கவில்லை.

ஏன் எண்ணெய் முக்கியம் என்றால், அந்தக் காலத்து இங்கிலாந்தில் ‘மூத்தவனுக்கு அரியணை’ என்ற விதி உறைந்திருக்கவில்லை. பந்திக்கு முந்தியவன் அரசன். 1066இல் மன்னன் எட்வர்டைப் புதைத்த அன்றே ஹெரால்டு முடிசூடினான். 1087 செப்டம்பர் 9 அன்று ஹென்றியின் தகப்பன் முதலாம் வில்லியம் இறந்தான்; இரண்டாவதாக மிஞ்சியிருந்த மகன் 26ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூடினான், மூத்தவன் நார்மண்டியோடு நின்றான். 1100 ஆகஸ்ட் 2இல் அந்த மகன் வேட்டையில் அம்பு பட்டுச் செத்தான். தம்பி ஹென்றி நேரே வின்செஸ்டர் கருவூலத்துக்குப் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டு, ஆகஸ்ட் 5 அன்று அரசனாகிவிட்டான். ஆக, மட்டில்டாவின் தகப்பனே மூன்று நாளில் அண்ணனை முந்தியவன்.

காரியம் நடக்க வேண்டிய வரிசை இது: லண்டன் மக்களின் ஆரவாரம், வின்செஸ்டரில் உள்ள கருவூலம், கேன்டர்பரி பேராயர் கையால் தைல அபிஷேகமும் மகுடமும், பிறகு பிரபுக்களுக்கு ஒரு சலுகைச் சாசனம், கடைசியில் போப்பின் ஒப்புதல் கடிதம். அபிஷேகம்தான் நடுத்தூண். அது நடந்துவிட்டால் திரும்பப் பெற முடியாது, ஞானஸ்நானத்தைப் போல.

ஸ்டீஃபன் இந்த வரிசையை அப்படியே கடந்தான். மனைவியின் பூலோன் நாட்டிலிருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடப்பது மிகக் குறுகிய தூரம். டோவரும் கேன்டர்பரியும் கதவைத் திறக்கவில்லை. அவன் நிற்காமல் லண்டன் போனான், லண்டன் வரவேற்றது. ஃபிளாண்டர்ஸ் பக்கத்துக்குப் போகும் கம்பளி வியாபாரத்துக்குப் பூலோன் துறைமுகங்களின் தயவு தேவை என்பதை லண்டன் வியாபாரிகள் மறப்பார்களா? அடுத்து வின்செஸ்டர். அங்கே ஆயர் அவன் சொந்தத் தம்பி, புளுவா ஹென்றி. கருவூலம் திறந்தது. கேன்டர்பரி பேராயர் வில்லியம் சத்தியத்தை நினைத்துத் தயங்கினார். அப்போது அரண்மனை அதிகாரி ஹியூ பிகாட் வந்து, சாகும் தறுவாயில் மன்னன் மனம் மாறி மகளை ஒதுக்கிவிட்டான் என்று சத்தியம் செய்தார். அவர் மரணப் படுக்கையருகே இருந்தாரா என்பதே சந்தேகம். இருந்தும் பேராயருக்கு அந்தச் சாக்கு போதுமானதாக இருந்தது. டிசம்பர் 22 அன்று அபிஷேகம் முடிந்தது. அதுவரை ஹென்றியின் உடல்கூட அடக்கமாகவில்லை. பெரிய பிரபுக்கள் நார்மண்டியில் பிணத்துக்குக் காவல் இருந்துகொண்டு, ஸ்டீஃபனின் அண்ணன் தியோபால்டைத் தேர்ந்தெடுக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தகவல் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

மட்டில்டா அந்த நாட்களில் என்ன செய்தாள்? அர்ஜான்டான், எக்ஸ்மே, டோம்ஃப்ரோன் என்ற எல்லைக் கோட்டைகளைக் கைப்பற்றினாள். சீதனத் தகராறில் சிக்கியிருந்தவற்றைப் பிடித்தது நியாயமே. ஆனால் அவை நார்மண்டியின் தெற்கு ஓரம், மகுடம் இருந்தது கடலுக்கு அப்பால். மூன்றாவது பிள்ளையை அப்போது சுமந்துகொண்டிருந்தாள். 1136 ஜூலையில் பிறந்தது. டிசம்பர் கடலில் அவள் வேகம் ஸ்டீஃபனின் வேகத்துக்கு ஈடாகியிருக்காது.

1136இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்டீஃபன் கொடுத்த சாசனம் அவன் உரிமையை அவனே எப்படிப் பார்த்தான் என்று காட்டுகிறது. குருமாரும் மக்களும் தேர்ந்தெடுத்தார்கள், பேராயர் அபிஷேகம் செய்தார், போப் இன்னொசென்ட் உறுதிசெய்தார் என்று வரிசையாகப் போகிறது. இரத்த உரிமை என்ற பேச்சு மருந்துக்கும் இல்லை. வைத்திருக்கவும் முடியாது. அவனுக்கு அந்த இரத்தம் தாய் அடேலா வழியாக வந்தது. பெண் வழியாக உரிமை வராது என்றால் முதலில் அடிபடுவது அவன்தான். மனைவி வழியாகப் பூலோன் வந்ததும் அப்படித்தான்.

ஆகவே ‘அல்லி ராஜ்ஜியம் வந்துவிடும் என்று பயந்து மறுத்தார்கள்’ என்ற விளக்கம் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. அதே காலத்தில் ஸ்பெயினின் லியோனில் உர்ராக்கா 1109 முதல் 1126 வரை ஆண்டாள். ஜெருசலேமில் 1131இல் மெலிசென்ட் தன் கணவன் ஃபுல்க்கோடு சேர்ந்து முடிசூடினாள். அந்த ஃபுல்க் வேறு யாருமில்லை, ஜெஃப்ரியின் தகப்பன், மட்டில்டாவின் மாமனார். பெண் ஆளலாம் என்பது கேள்விப்படாத விஷயம் இல்லை. பெண் ஆண்டால் கணவன் யார், அவன் நம்மை என்ன செய்வான் என்பதுதான் நார்மன் பிரபுக்களை உறுத்தியது.

1139இல் வழக்கு ரோமுக்குப் போனது. அவள் சார்பில் ஆஞ்சே ஆயர் உல்ஜர், ஸ்டீஃபன் சார்பில் ஆர்னுல்ஃப் என்ற குரு. எதிர்த்தரப்பு எடுத்த வாதம் விஷமானது: மட்டில்டாவின் தாய் கன்னியாஸ்திரி, ஆகவே பெற்றோரின் திருமணமே செல்லாது, மகள் முறையான வாரிசே இல்லை. இதற்கு ஒரு பழைய கோப்பு உண்டு. தாய் சிறுமியாக ரோம்சி, வில்டன் மடங்களில் வளர்ந்தவள். 1100இல் பேராயர் அன்செல்ம் இதை விசாரித்தார். அவள் சொன்ன சாட்சியம்: நார்மன் வீரர்களிடமிருந்து காப்பாற்ற தாயின் சகோதரி கிறிஸ்டினா என் தலையில் கறுப்புத் துணியைப் போட்டு, கழற்றினால் அடிப்பார். அவர் கண் மறைந்ததும் நான் அதைத் தரையில் எறிந்து காலால் மிதிப்பேன். துறவு வாக்கு கொடுக்கவில்லை என்று தீர்ப்பாகி, அதற்குப் பிறகுதான் கல்யாணம் நடந்தது. முடிந்த தீர்ப்பை 39 வருடம் கழித்து ஆர்னுல்ஃப் தோண்டினார். போப் இன்னொசென்ட் இரு பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல் விசாரணையை நிறுத்திக்கொண்டார். நடைமுறையில் அது ஸ்டீஃபனுக்கு வெற்றி.

மட்டில்டா பக்கத்திலும் நல்ல வாதிகள் இருந்தார்கள். கில்பர்ட் ஃபோலியட், அப்போது கிளாஸ்டர் மடாதிபதி, அவள் தரப்புப் பிரபு பிரயன் ஃபிட்ஸ்கவுன்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் பைபிளின் எண்ணாகமத்தை எடுத்தார்: செலொப்பியாத்துக்கு மகன் இல்லை, குமாரத்திகளுக்குச் சுதந்தரம் கொடு என்று கர்த்தரே சொன்னார் அல்லவா? வலுவான மேற்கோள். ஆனால் அதே எண்ணாகமத்தின் கடைசி அதிகாரம், அந்தப் பெண்கள் சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே மணக்க வேண்டும் என்கிறது. ஆஞ்சூ மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் இருப்பதே நல்லது.

1139 செப்டம்பர் 30 அன்று மட்டில்டாவும் ராபர்ட்டும் 140 வீரர்களோடு அருண்டெலில் இறங்கினார்கள். 1141 பிப்ரவரி 2 லிங்கன் போரில் ஸ்டீஃபன் பிடிபட்டு பிரிஸ்டல் சிறைக்குப் போனான். இனி என்ன தடை என்று தோன்றும். மேலே சொன்ன வரிசையை வைத்துப் பார்த்தால் தெரியும். மார்ச் 3இல் வின்செஸ்டர் கிடைத்தது. மகுடம் இருந்தது, பணம் பெரும்பாலும் தீர்ந்திருந்தது. ஏப்ரல் 8 அன்று புளுவா ஹென்றி, இப்போது போப்பின் பிரதிநிதி, குருமார் சபையைக் கூட்டி அவளை ‘ஆங்கிலேயரின் சீமாட்டி’ என்று தேர்ந்தெடுத்தார். ‘அரசி’ என்ற சொல் வரவில்லை. அது அபிஷேகத்துக்குப் பிறகே வரும். கேன்டர்பரி பேராயர் இப்போது தியோபால்டு (ஸ்டீஃபனின் அண்ணன் இல்லை, வேறு ஆள்). அவர் பிரிஸ்டல் சிறைக்கே போய், நான் கொடுத்த விசுவாசத்தை விட்டு விலகலாமா என்று ஸ்டீஃபனிடம் அனுமதி கேட்டு வந்த பிறகே மட்டில்டாவை ஏற்றார். அபிஷேகம் பெற்ற அரசன் உயிரோடு இருக்கும்போது இன்னொருவருக்கு எண்ணெய் பூசுவது எப்படி என்பதற்கு அவரிடம் முன்னுதாரணம் இல்லை.

மிச்சம் லண்டன். ஜூனில் உள்ளே வந்தாள். செய்த பிழைகள் குறிப்பாகத் தெரியும்: ஸ்டீஃபனுக்குச் செலவழித்துக் களைத்திருந்த நகரத்திடம் பெரும் வரி கேட்டாள், எட்வர்ட் காலத்துச் சட்டங்களைத் திருப்பித் தர மறுத்தாள், சிறையில் இருப்பவனின் மகன் யூஸ்டஸுக்குப் பூலோனையாவது விட்டுவிடு என்று புளுவா ஹென்றி கேட்டதையும் தள்ளினாள். கடைசிதான் மகா தவறு. அவளைத் தேர்ந்தெடுத்தவரையே பகைத்துக்கொண்டாள். தாய்மாமனும் அண்ணனும் மண்டியிட்டபோது எழுந்து நிற்கவில்லை, திமிர் பிடித்தவள் என்று எழுதியவர் ஸ்டீஃபன் தரப்பு வரலாற்றாசிரியர். அவள் தகப்பன் ஹென்றி எழுந்திருக்காவிட்டால் அதற்குக் கம்பீரம் என்று பெயர் வந்திருக்கும். பெண் என்பது நேரடியாகக் குறுக்கே நின்ற இடம் இதுவே. அதற்குள் பூலோன் மட்டில்டா, அந்தச் சித்தி மகள், கென்ட்டிலிருந்து படையோடு வந்து தேம்ஸின் தென்கரையைக் கொளுத்திக்கொண்டிருந்தாள். ஜூன் 24 அன்று கோயில் மணிகள் அடித்தன, நகரம் திரண்டது. பேரரசி சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம். அப்படியே ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஓடினாள். அபிஷேகம் நடக்க வேண்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அவள் தங்கியதே சில நாட்கள்.

செப்டம்பர் 14 அன்று வின்செஸ்டரில் தோல்வி, அவளைத் தப்பவிட்டுப் பின்னால் காவல் நின்ற ராபர்ட் பிடிபட்டார். அவரில்லாமல் போர் நடத்த முடியாது, ஆகவே ஆளுக்கு ஆள் மாற்று. யாரும் யாரையும் நம்பாததால் அது நடந்த விதம் ஒரு சங்கிலி: நவம்பர் 1 அன்று ஸ்டீஃபன் வெளியே வந்தான், பிணையாக மனைவியும் மகனும் பிரிஸ்டலில் இருந்தார்கள். அவன் வின்செஸ்டர் சேர்ந்ததும் ராபர்ட் விடுதலை, பிணையாக அவர் மகன் வின்செஸ்டரில். ராபர்ட் பிரிஸ்டல் சேர்ந்ததும் ராணி விடுதலை. ராணி வின்செஸ்டர் வந்ததும் ராபர்ட்டின் மகன் விடுதலை. அத்தோடு அவள் முடிசூடும் வாய்ப்பும் தீர்ந்தது. 1142 டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு முற்றுகையிலிருந்து வெள்ளைத் துணி போர்த்தி, உறைந்த தேம்ஸ் மேல் நடந்து தப்பியதைச் சொல்லாத புத்தகம் இல்லை. வழக்குக்கு அதனால் லாபமில்லை. அவள் இங்கிலாந்தில் கடைசிவரை பயன்படுத்திய முத்திரை ஜெர்மனியில் செய்த பழைய வட்ட முத்திரை. அதில் ‘ரோமானியர்களின் அரசி’ என்றிருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. ஜெஃப்ரி 1144இல் ரூவானைப் பிடித்து நார்மண்டி முழுவதையும் எடுத்துக்கொண்டான். ஏறக்குறைய அதே சமயம் குறுகிய காலம் போப்பாக இருந்த இரண்டாம் செலஸ்டின், இங்கிலாந்து மகுடம் தகராறில் உள்ளது, அதில் புதிதாக எதுவும் செய்யக் கூடாது என்று கேன்டர்பரிக்கு எழுதினார். இதைத்தான் நாம் ஸ்டே ஆர்டர் என்போம். மட்டில்டா 1148இல் நார்மண்டிக்குத் திரும்பிவிட்டாள், ஆனால் ஸ்டே நின்றது. 1152இல் ஸ்டீஃபன், ஹென்றி செய்யாமல் விட்டதைத் தான் செய்ய நினைத்தான்: மகன் யூஸ்டஸுக்குத் தன் கண் முன்னேயே முடிசூட்டிவிட வேண்டும். ஆயர்களை அடைத்து வைத்து மிரட்டியும் தியோபால்டு மசியவில்லை, கடல் கடந்து ஓடிவிட்டார். 1153 ஆகஸ்டில் யூஸ்டஸ் இறந்தான். நவம்பர் ஒப்பந்தத்தில் ஸ்டீஃபன் மட்டில்டாவின் மகன் ஹென்றியைத் தத்தெடுத்து வாரிசாக்கினான். இளைய மகன் வில்லியத்துக்குத் தகப்பன் அரசனாகும் முன் வைத்திருந்த நிலங்கள் மிஞ்சின.

1154 அக்டோபர் 25இல் ஸ்டீஃபன் இறந்தபோது ஹென்றி நார்மண்டியில் இருந்தான், காற்று சரியில்லாமல் கரையிலேயே காத்துக் கிடந்தான். முடிசூடியது டிசம்பர் 19. 55 நாள் அரியணை காலியாக இருந்தும் ஒருவரும் முந்த முயலவில்லை. அவன் தன்னை அழைத்துக்கொண்டது ஜெஃப்ரியின் மகன் என்று இல்லை, பேரரசியின் மகன் என்று. மட்டில்டா 1167 செப்டம்பர் 10 வரை ரூவான் அருகே இருந்து மகனுக்காக நார்மண்டியைக் கவனித்துக்கொண்டாள். அவள் போய் மூன்று வருடத்தில், 1170 ஜூன் 14 அன்று, இரண்டாம் ஹென்றி தான் உயிரோடு இருக்கும்போதே மூத்த மகனுக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டினான். கேன்டர்பரி பேராயர் பெக்கெட் நாட்டில் இல்லாததால் யார்க் பேராயரை வைத்து முடித்தான். அதனால் கிளம்பிய சண்டை தனிக் கேள்வி.